மலையில் இருந்துகொண்டே அரசியல் அனிமேஷன் எடுப்பது எப்படி

என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்த சாஃப்ட்வேர்?" அதற்கான பதில் கீழே இருக்கிறது, நாலு வரியில் முடிந்துவிடும். "எதைப் பற்றிப் படம் எடுப்பது?" என்று யாரும் கேட்பதில்லை. அரசியல் விமர்சனமும் அனிமேஷன் இயக்கமும் சேர்ந்த இந்தத் தொழிலில் முக்கால்வாசி நேரம் அந்தக் கேள்விக்குத்தான் போகிறது. படிக்க வேண்டும், போய்க் கேட்க வேண்டும், கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். பென்சில் அதற்கப்புறம்.

நான் இருப்பது கோத்தகிரிக்குப் பக்கத்தில், கட்டபெட்டு போகும் வழியில். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலை. சென்னை சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் வெளிநாட்டு டிவி தொடர்களுக்கு கிளீன்-அப் செய்துகொண்டிருந்தேன். வேறு யாரோ கிறுக்கிய கோட்டின் மேல் சுத்தமான கோடு இழுக்கிற வேலை. கை பழகியது அங்கே. ஊருக்குத் திரும்பி, உள்ளூர் கேபிளில் தேர்தல் நேரத்தில் பேச உட்கார வைத்தபோது வாய் பழகியது. இரண்டையும் சேர்த்து இப்போது ஒன்றரை நிமிடப் படங்கள் எடுக்கிறேன்.

விஷயம் எங்கே கிடைக்கும்

ராத்திரி டிவி விவாதத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் படம் போடாதீர்கள். சென்னையில் இருக்கிறவர்கள் அதை உங்களுக்கு முன்னால் போட்டுவிடுவார்கள். மலையில் இருக்கிறவருக்கு மட்டும் எட்டுகிற விஷயங்கள் உண்டு, அவற்றைப் பிடியுங்கள்.

கிராம சபை வருடத்துக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். தீர்மானம் வாசிக்கும்போது யார் போனைப் பார்க்கிறார்கள், எந்த வரியில் சத்தம் எழும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட குறிப்புகளிலிருந்துதான் உங்கள் கதாபாத்திரங்களின் உடல்மொழி வரும்.

அடுத்தது, கொள்கை விளக்கக் குறிப்பு. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை (துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்பது) வரும்போது ஒவ்வொரு துறையும் ஒன்று வைக்கும். அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை. போன வருடத்ததையும் இந்த வருடத்ததையும் அருகருகே திறந்து வையுங்கள். அதே வாக்கியம் ஆண்டு மட்டும் மாறி வந்திருந்தால் உங்களுக்கு ஒரு படம் கிடைத்துவிட்டது. அதிலும் இல்லாத விவரத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் மழுப்பல்தான் வரும். "எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எந்தக் கோப்பு?" என்று கேளுங்கள்.

தொகுதி வரைபடத்தையும் சுவரில் ஒட்டி வையுங்கள். நீலகிரி மக்களவைத் தொகுதியில் 6 சட்டமன்றத் தொகுதிகள். ஊட்டி, குன்னூர், கூடலூர் மலையில் இருக்கின்றன. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் கீழே. பெயர்தான் நீலகிரி, பாதித் தொகுதி சமவெளி. இதை வைத்தே ஒரு படம் எடுக்கலாம்: பிரசார ஜீப் ஒன்று கோத்தகிரியிலிருந்து கிளம்புகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மைக்கில் வருகிற பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. தேயிலையில் ஆரம்பித்தவர் மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது தேயிலை என்ற சொல்லையே மறந்திருப்பார். எந்தக் கட்சி என்று காட்டவே வேண்டாம், யாருக்கும் பொருந்தும்.

ஒரு வாக்கியம்

விஷயம் கையில் வந்ததும் அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "பச்சைத் தேயிலை விலை வீழ்ச்சி" என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. "இலையைக் கொடுக்கிறவருக்கு அன்றைய விலை தெரியாது" என்பது வாக்கியம். வினைச்சொல் இருந்தால்தான் படத்தில் யாராவது ஏதாவது செய்ய முடியும்.

இந்த வாக்கியத்தையே எடுத்துப் படம் ஆக்கிப் பார்ப்போம். நடப்பது இதுதான். சிறு விவசாயி இலையைப் பறித்து ஃபேக்டரிக்குக் கொடுக்கிறார். ஃபேக்டரி அதைத் தூளாக்கி ஏலத்துக்கு அனுப்புகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். ஏலத்தில் தூள் போன விலையைக் கணக்கில் வைத்து, தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. அதாவது, மூட்டையைத் தராசில் வைக்கிற நாளில் அதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று வைத்தவருக்கே தெரியாது. கடையில் நாம் வாங்குகிற எந்தப் பொருளையாவது இப்படி வாங்குகிறோமா?

இதற்கு வரைபடம், அம்புக்குறி, பை சார்ட் எதுவும் வேண்டாம். ஒரு பெண்மணி மூட்டையைத் தராசில் வைக்கிறார். பக்கத்தில் "இன்றைய விலை" என்று எழுதிய பலகை, அதில் எண் இல்லை. சுவரில் தினசரி காலண்டர். தாள் கிழிந்து விழுகிறது, இன்னொன்று, இன்னொன்று. அவர் அப்படியே நிற்கிறார். கடைசியில் பலகையில் எண் வருகிறது, அவர் அதைப் படிப்பதற்குள் படம் முடிகிறது.

இதில் அசைவது காலண்டர் தாள் மட்டும்தான். அதைத் தவிர ஒரே ஒரு தடவை அவர் கண் சிமிட்டும். அது இல்லையென்றால் நெட் நின்றுபோய்விட்டது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். அந்தச் சிமிட்டலை நடுவில் வைக்காமல் முக்கால் பகுதி தாண்டி வையுங்கள், பொறுமை போகிற இடம் அதுதான். மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பதையும் இதிலேயே சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள், அது இன்னொரு படம். எதை அசைக்க வேண்டாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுப்பவர்தான் இயக்குநர். கை நன்றாக ஓடுகிறவர்களுக்கு இது கஷ்டம். தெரிந்ததையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று தோன்றும்.

கணக்கும் கருவியும்

நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். தொண்ணூறு நொடிப் படத்துக்கு 2,160 பிரேம் ஆகிறது. ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் (ஸ்டுடியோவில் "டூஸ்" என்போம்) 1,080 ஓவியம். ஒற்றை ஆள் அத்தனையும் வரைந்து முடிப்பதற்குள் அந்த அமைச்சரின் துறையே மாறியிருக்கும். அதனால் பொம்மைக் கிடங்கு ஒன்று கட்டுங்கள். தலை, இமை, வாய், தோள், முன்கை எல்லாம் தனித்தனி லேயராக வரைந்த நாலைந்து ஆட்கள் போதும். அவர்களோடு ஒரு மைக், ஒரு நாற்காலி, கோப்புக் கட்டு, ஜீப், மினி பஸ், டீக்கடை, தராசு. பின்னணிக்கு மூடுபனி. மலையில் வாழ்வதில் இது ஒரு லாபம்: பாதித் திரையை வெள்ளையாக விட்டாலும் யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டார்கள்.

சாஃப்ட்வேர் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. வரைய கிரிட்டா. கோட்டு அனிமேஷனுக்கு ஓபன்டூன்ஸ். ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ பயன்படுத்திய டூன்ஸிலிருந்து வந்தது, 2016 முதல் இலவசம். பிளெண்டரின் கிரீஸ் பென்சிலும் நல்லது, ஆனால் நல்ல கம்ப்யூட்டர் கேட்கும். ஒலிக்கு ஆடாசிட்டி. திரை இல்லாத சின்ன பேனா டேப்லட் போதும். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஓடிய காலத்தில் இந்த மலையிலேயே பிலிம் தயாரானது, ஆனால் அப்போது இங்கே தனியாக ஒருவர் அனிமேஷன் எடுப்பதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. இப்போது பிலிமும் வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

குரலும் வாயும்

இதில்தான் தமிழ் அனிமேஷன் அதிகம் சறுக்குகிறது என்பது என் கருத்து. இங்கிலீஷுக்குப் போட்ட வாய் அட்டவணையை அப்படியே இறக்கி வைத்துவிடுகிறார்கள். தமிழுக்கு நான் வைத்திருக்கிற வாய்கள் ஏழு. ப, ம வரும்போது மூடிய வாய். வ-வுக்கு மேல்பல் கீழுதட்டில். அ, ஆ-வுக்குத் திறந்த வாய். இ, ஈ, எ, ஏ-வுக்கு விரிந்த வாய். உ, ஊ, ஒ, ஓ-வுக்குக் குவிந்த வாய். த, ந, ல, ழ வரும்போது நாக்கு கொஞ்சம் தெரிகிற வாய். க, ச, ட, ற எல்லாவற்றுக்கும் பாதி திறந்த பொது வாய் ஒன்று.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் படித்தோம், ஞாபகம் இருக்கிறதா? "ஓட்டு", "கோப்பு", "சாக்கு" என்று சொல்லி, கண்ணாடியில் பாருங்கள். கடைசி உகரத்தில் உதடு குவியாது. அங்கே குவிந்த வாய் போட்டால் பேசுகிறவர் விசில் அடிப்பது போலத் தெரியும். அதேபோல் பேச்சுத் தமிழில் "பணம்", "வேணும்" என்னும்போது கடைசி ம் மூக்கோடு போய்விடும், உதடு ஒட்டாது. மேடைத் தமிழில் பேசுகிற பாத்திரம் என்றால் ஒட்டும். ஒரே தலைவர் மேடையில் வாயை மூடி மூடிப் பேசுகிறார், காருக்குள் வந்ததும் வாய் மூடவே இல்லை என்று காட்டினால் வசனமே இல்லாமல் ஒரு கிண்டல் வந்துவிடும். அப்புறம், மூடிய வாய் மட்டும் ஒலிக்கு ஒரு பிரேம் முன்னாலேயே வரட்டும். ப, ம தவறினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும், மற்றவை கொஞ்சம் முன்பின் போனாலும் யாருக்கும் தெரியாது.

இந்த வேலையே வேண்டாம் என்றால் மஃப்ளர் இருக்கிறது. மங்கி குல்லாவும் மஃப்ளரும் போட்ட ஆள் பேசினால் வாய் வரையத் தேவையில்லை, புருவமும் தோளும் போதும். எங்கள் ஊரில் அது இயல்பான உடை. இன்னொரு பெரிய லாபமும் உண்டு. இந்த மாவட்டத்தில் தமிழ் மட்டும் பேசினால் எல்லோரையும் எட்ட முடியாது. படுக மொழி பேசுகிற ஹட்டிகள் (படுகர் ஊர்கள்) இருக்கின்றன, கூடலூர்ப் பக்கம் மலையாளம் இருக்கிறது. வாய் தெரியாத படத்துக்குக் குரலை மட்டும் மாற்றிப் போட்டால் போதும்.

தமிழ்க் குரலிலும் வித்தியாசம் பாருங்கள். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டக் குடும்பங்களின் பேச்சும் ஊட்டி மார்க்கெட் பேச்சும் ஒன்றல்ல. தொழில்முறைக் குரல் கலைஞரை வைத்தால் இரண்டையும் கோயம்புத்தூர்த் தமிழாக்கிவிடுவார். எனக்குப் பேசித் தருபவர்களில் ஒருவர் மினி பஸ் கண்டக்டர், இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வசனத்தைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லக் கூடாது. விஷயத்தைச் சொல்லி, "இதை உங்க வீட்டுல எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டு அதைப் பதிவு செய்யுங்கள்.

பதிவுக்கு நேரம் முக்கியம். தகர ஷீட் போட்ட வீட்டில் மழை பெய்தால் எந்த மைக்காலும் காப்பாற்ற முடியாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை. அந்த மாதங்களில் வெளியிட வேண்டிய படத்துக்குக் குரலை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன், இரண்டு கம்பளியைக் கொடியில் தொங்கவிட்டு அதற்குள் உட்கார்ந்து பேசச் சொன்னால் ஸ்டுடியோ தோற்றுப்போகும். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, யுபிஎஸ் இல்லாமல் ரெண்டர் (படத்தைக் கம்ப்யூட்டர் வீடியோவாக்கும் வேலை) போடாதீர்கள்.

யாரை வரைவது, எப்படி

கேலிச்சித்திரம் நமக்குப் புதிதில்லை. 1906-இல் தொடங்கிய "இந்தியா" பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்த பாரதியார் அதிலேயே கார்ட்டூன் போட்டார். அதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே விட்டார்கள். 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பு பற்றி வரைந்ததற்காக கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்குப் பின் விகடன் இணையதளமே முடக்கப்பட்டது.

இணையத்தில் போடுகிற பதிவுக்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது உண்மைதான். ஆனால் அவதூறு இன்னும் குற்றம்தான், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவு. பொது நன்மைக்காகச் சொன்ன உண்மைக்கும், அரசு ஊழியரின் பொதுச் செயல்பாடு பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்துக்கும் அதில் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்க வேண்டுமானால் காகிதம் வேண்டும். படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு உறை வையுங்கள். அரசாணை நகல், ஆர்டிஐ பதில், பேச்சின் தேதியோடு வீடியோ, எல்லாம் அதற்குள். சம்மன் வந்தால் முதலில் அந்த உறையோடு வக்கீலிடம் போங்கள், உங்கள் இணையப் பக்கத்தில் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

சட்டம் ஒரு பக்கம். என் சொந்தக் கட்டுப்பாடு அதைவிடக் கடுமையானது. ஒருவரின் நிறம், பருமன், சாதி அடையாளம், நோய், இவற்றை நான் வரைவதில்லை. செய்த காரியத்தை வரைவேன். காரியத்தில் கிண்டல் வரவில்லை என்றால் விஷயம் பழுக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, நீலகிரி என்று காட்டுவதற்காகத் தோடர் பூத்துக்குளியைப் போர்த்திய ஒருவரை ஓரத்தில் நிற்க வைப்பார்கள், பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மக்களுக்குப் பேச விஷயம் இருந்தால் அவர்களைப் பேச வையுங்கள். இல்லையென்றால் அலங்காரத்துக்கு இழுக்காதீர்கள். மலை என்று காட்ட ஒரு சில்வர் ஓக் மரமும் சரிவும் போதும்.

பிழைப்பு

படிக்க வசதியிருந்தால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் அனிமேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) இருக்கிறது. இல்லாவிட்டாலும் ஒரு ஸ்டுடியோவில் கிளீன்-அப் வேலையாவது பார்த்துவிட்டு வாருங்கள், கெடு என்றால் என்னவென்று அங்கேதான் புரியும்.

யூடியூபில் விளம்பரக் காசு வரப் பொதுவாக 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். வந்தாலும் ஒன்றரை நிமிட அரசியல் படத்தில் கரண்ட் பில் கட்டலாம், அவ்வளவுதான். எனக்குச் சோறு போடுவது பள்ளிப்பாட அனிமேஷனும் கல்யாண அழைப்பு வீடியோவும். தேயிலைத் தோட்டம் பின்னணியில் இருந்தால் திருப்பூர்க்காரர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். யாரை விமர்சிக்கிறேனோ அவர்களிடம் வேலை வாங்குவதில்லை, கட்சிகளும் சரி, மாவட்டத் துறைகளும் சரி. தேர்தல் வந்ததும் எல்லாப் பக்கமிருந்தும் போன் வரும், தொகையும் நன்றாக இருக்கும். வாங்கினால் அது விளம்பரம். அதற்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி வேண்டும், வேட்பாளரின் செலவுக் கணக்கிலும் ஏறும். அதற்கப்புறம் உங்களை விமர்சகர் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். வாங்காவிட்டாலும் ஓட்டுப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் தேர்தல் பற்றிய படம் எதையும் வெளியிடாதீர்கள், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஒரு படம் முடிந்ததும் அவசரப்பட்டுப் போட்டுவிடாமல் மூன்று முடியும்வரை கையில் வைத்திருங்கள். ஒன்று ஆளுங்கட்சியைக் கேட்கட்டும், ஒன்று எதிர்க்கட்சியைக் கேட்கட்டும். மூன்றாவது நம்மையே கேட்கட்டும். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் ஒன்றே போதும் அதற்கு. உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-இல் அது வந்ததிலிருந்து, திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து "வியாபாரமே போச்சு" என்று புலம்புகிற அதே ஆள், சனிக்கிழமை டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு "இவ்வளவு வண்டியை யார் விட்டது?" என்று ஹாரன் அடிக்கிறார். மூன்றில் எதை முதலில் போடுவது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். ஊர்க்காரர்கள் திட்டுவார்கள், உடனே பக்கத்து வீட்டுக்காரருக்கும் அனுப்புவார்கள்.